ஒரு துளி ரத்தம்... ஒரு ராணுவ டாக்டர்!

மலேரியா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரொனால்டு ராஸ். மலேரியா கிருமி கொசுவுக்குள் வளர்வதை 1897-ல் கண்டுபிடித்தவர். ஆனால் அதற்கு 17 வருஷம் முன்னாடியே அந்தக் கிருமியை மனித ரத்தத்தில் முதலில் பார்த்த ஒருத்தர் இருக்கிறார். அவர்தான் அல்போன்ஸ் லாவெரான்.

1845-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ராணுவ டாக்டர், மகனும் அதே வழிதான். 1878-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆஸ்பத்திரி நிறைய குளிர்காய்ச்சலில் நடுங்கும் சிப்பாய்கள்! கெட்ட காற்றால் வரும் நோய் இது என்று பலர் நம்பிய காலம். ஒருவகை பாக்டீரியாதான் காரணம் என்று இத்தாலி நிபுணர்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1880 நவம்பர் 6. கான்ஸ்டன்டைன் நகர ராணுவ ஆஸ்பத்திரி. ஒரு சிப்பாயின் ரத்தத்தைச் சாயம்கூடப் போடாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கரும்புள்ளிகள் கொண்ட ஒரு உருண்டை. அதன் ஓரத்தில் நூல் மாதிரி இழைகள் துடிக்கின்றன. ஆகா, இது உயிருள்ள ஜீவன்!

அதோடு அவர் நிற்கவில்லை. குவினைன் கொடுத்த நோயாளிகளின் ரத்தத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அந்த ஜீவன்கள் மறைந்திருந்தன. நோய்க்கு இவைதான் காரணம் என்பதற்கு இது முக்கியமான ஆதாரம் ஆனது.

உலகம் உடனே நம்பிவிட்டதா? இல்லை. 1882-ல் ரோமாபுரிக்கே போய், அங்குள்ள நோயாளிகளின் ரத்தத்திலும் அதே கிருமியைப் பார்த்தார். சிதைந்துபோன சிவப்பணுக்கள் என்று அங்கே ஒதுக்கித் தள்ளினார்கள். மனுஷன் அசரவில்லை. 1884-ல் லூயி பாஸ்டரே ஒப்புக்கொண்டார். 1907-ல் நோபல் பரிசு வந்தது. அதில் பாதிப் பணத்தைப் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் வெப்பநாட்டு நோய்களுக்கான ஆய்வுக்கூடம் அமைக்கக் கொடுத்துவிட்டார். 1922-ல் மறைந்தார்.

அவர் போன பிறகு கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1950-களின் கடைசியில் தாய்லாந்து - கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் குளோரோகுயினுக்கே அடங்காத மலேரியா தலைகாட்டியது. ஒரு மருந்து இன்னமும் கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாத்திரை கொடுத்து, குறித்த நாட்களில் ரத்தம் எடுத்து, குறைந்தது 28 நாள் வரை கிருமியைத் தேடுகிறார்கள். மறுபடி தென்பட்டால், பழைய கிருமியே தப்பியதா, புதிதாகக் கொசு கடித்து வந்ததா என்று ஜீனை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 1976-ல் டிரேகரும் ஜென்சனும் கிருமியைக் கண்ணாடிப் பாத்திரத்திலேயே தொடர்ந்து வளர்க்க வழி கண்டார்கள். அதனால் எவ்வளவு மருந்துக்கு அது அடங்குகிறது என்பதை லேபிலேயே அளக்க முடிகிறது.

காய்ச்சல் விட்டதும் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் ரத்தத்தில் நாலு கிருமி மிச்சம் இருந்தால் போதும், அவைதான் பெருகும், அடுத்தவருக்கும் பரவும். அன்றைக்கு லாவெரான் செய்த மாதிரி மறுபடி பார்த்தால்தான் உண்மை தெரியும்.

லேத்தில் கடைந்த ஜாப் பளபளவென்று இருந்தாலும், வெர்னியர் வைத்துப் பார்க்காமல் சார் மார்க் போடுவாரா? மருந்துக்கும் அதே கதைதான் நண்பர்களே!