மாணவப் படைப் பயிற்சியிலிருந்து மலாயா முகாம்கள் வரை: நேதாஜியின் மறுபக்கம்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் என்றதும் சீருடை அணிந்த கம்பீரத் தோற்றமே நினைவுக்கு வரும். ஆனால், இளமையில் ராணுவத்தில் சேர முயன்ற அவரைக் கண்பார்வை குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள் என்பது பலர் அறியாத செய்தி.

1897 ஜனவரி 23ஆம் தேதி கட்டாக் நகரில் பிறந்தவர் போஸ். முதல் உலகப் போரின்போது வங்காளப் படைப்பிரிவு அவரை ஏற்கவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புக்காக 1917ல் இந்தியத் தற்காப்புப் படை என்ற துணைப்படை உருவானது. அதன் கல்கத்தா பல்கலைக்கழகப் பிரிவில் மாணவர்கள் சேரலாம். தத்துவம் பயின்றுகொண்டிருந்த போஸ் அதில் சேர்ந்தார். கூடார வாழ்க்கை, அணிவகுப்பு, துப்பாக்கிச் சுடுதல் என மாதக்கணக்கில் பயிற்சி பெற்றார். முறையான ராணுவப் பயிற்சி என்று அவர் பெற்றது இது ஒன்றுதான்.

பயிற்சி இருந்தால் படிக்கும் பிள்ளைகளும் படைவீரர் ஆகலாம் என்பதை அங்கே கண்கூடாகக் கண்டார். வீரம் சில குலங்களுக்கே உரியது என்று பிரிட்டிஷார் நம்பிய காலம் அது. 1928ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர்களைச் சீருடையில் அணிவகுக்கச் செய்து, தாமே தலைமை தாங்கினார்.

அந்த நம்பிக்கைக்குப் பெரிய சோதனை நம் மண்ணில்தான் வந்தது. 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்த நேதாஜி, இரண்டு நாள் கழித்து கேத்தே கட்டடத்தில் இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அதுவரை இந்திய தேசிய ராணுவத்தில் போர்க்கைதிகளான சிப்பாய்களே மிகுதி. பொதுமக்களுக்கும் அவர் கதவைத் திறந்துவிட்டார். பால்மரம் சீவியவர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள் என ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம்.

துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்களுக்குப் பழைய சிப்பாய்கள் பயிற்சி கொடுத்தனர். கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்ததால் ரோமன் எழுத்தில் மொழிப்பாடமும் நடந்தது. அதிகாரிகளுக்குத் தனிப் பள்ளி அமைந்தது. 45 இளைஞர்கள் தோக்கியோவுக்கு மேற்பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தோட்டத்துப் பெண்களும் வசதியான வீட்டுப் பெண்களும் அங்கே ஒரே வரிசையில் நின்றனர்.

ஜப்பானின் துணையை நாடிய அவரது முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1944ல் இம்பால் போர்முனையில் பசியும் நோயும் பல வீரர்களைப் பலிகொண்டன. 1945 ஆகஸ்ட் 18ஆம் தேதி தைப்பேயில் நேர்ந்த விமான விபத்தில் நேதாஜி மறைந்ததாக அறிவிக்கப்பட்டது.

படை கலைந்தது, பயிற்சி வீண்போகவில்லை. இயக்கத்தில் பங்கேற்ற ஜான் திவி 1946ல் மஇகாவின் முதல் தலைவரானார். ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாக உயர்ந்த ஜானகி ஆதி நாகப்பன், மஇகாவின் தொடக்கக் காலத் தலைவர்களில் ஒருவராகி, பின்னர் மலேசிய மேலவையிலும் இடம்பெற்றார். தோட்டங்களுக்குத் திரும்பிய பலர் முன்புபோல் துரைமாருக்கு அஞ்சி ஒடுங்கவில்லை. துப்பாக்கியைக் காட்டிலும், நிமிர்ந்து நிற்கும் அந்தப் பழக்கமே நம் சமூகத்திற்கு அந்த முகாம்கள் விட்டுச்சென்ற சொத்து.