வை. மு. கோதைநாயகி அம்மையார்

கல்விக்கு வாயில்கள் பல. பள்ளிக்கூடம் அவற்றுள் தலையாயது. அவ்வாயில் அடைக்கப்பட்ட காலத்தும் மனந்தளராது, வேறு வாயிலைத் தாமே திறந்துகொண்டு அறிவுலகிற் புகுந்தோர் சிலர். அத்தகையோருள் ஒருவர், தமிழில் 115 நாவல்களை எழுதியவரும், திங்களிதழ் ஒன்றை நெடுங்காலம் நடத்தியவருமான வை. மு. கோதைநாயகி அம்மையார்.

அம்மையார் 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று, காஞ்சிபுரத்தையடுத்த நீர்வளூர் என்னும் சிற்றூரில் வைணவக் குடும்பமொன்றிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்தமையால் உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்புதல் அருகியும், குழந்தை மணம் பெருகியும் இருந்த காலம் அது. ஐந்தரை வயதில் அவரைச் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை. மு. பார்த்தசாரதிக்கு மணஞ்செய்து கொடுத்தனர். அப்பொழுது மணமகனுக்கு வயது ஒன்பதே. இத்தகைய மணங்களைத் தடுக்கும் சட்டம் 1929-ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது.

பள்ளியை அறியாத அச்சிறுமிக்குப் புகுந்த வீடே பள்ளியாயிற்று. கேள்வியினால் அவர் அறிவு வளர்ந்தது. அண்டை அயலிலுள்ள சிறுவர் சிறுமியரைக் கூட்டிவைத்துத் தாமே புனைந்த கதைகளைச் சொல்லி மகிழ்விப்பார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். நாடகங்களைக் கண்டு கண்டு, தாமும் ஒன்று இயற்ற வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு எழுந்தது. உள்ளத்திற் கதை இருந்தது. ஆனால், அதனைத் தாளில் வடிக்கக் கை பழகவில்லை. அக்குறையை எண்ணி அவர் வாளாவிருந்தாரல்லர். அவர் வாயாற் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். அங்ஙனம் உருவான 'இந்திர மோகனா' என்னும் நாடகம் 1924-இல் நூலாக வெளிவந்தது. பின்னர் அவரே எழுதவும் நன்கு பயின்றார்.

1925-ஆம் ஆண்டில் 'ஜகன்மோகினி' என்னும் திங்களிதழைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார். அவருடைய முதல் நாவலாகிய 'வைதேகி' அதிலே தொடர்கதையாக வந்தது. மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளின் சாயலில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் எழுதிய மர்ம நாவல்களைத் தமிழ் மக்கள் விரும்பிப் படித்த காலம் அது. அம்மையாரும் அந்நெறியையே மேற்கொண்டார். களவும் கரவும் வஞ்சமும் நிறைந்த சிக்கல்களை ஒவ்வொன்றாக முடிச்சவிழ்த்துக் காட்டினார். அடுத்த இதழ் எப்பொழுது வருமெனப் படிப்போர் காத்திருந்தனர். ஆயினும், அவர்தம் கதைகள் பொழுதுபோக்கோடு நின்றுவிடவில்லை. குழந்தை மணத்தின் தீமை, கைம்பெண்டிர் படும் துயர், மதுவினால் விளையும் கேடு ஆகியவற்றைக் கதையினூடே பொதிந்து வைத்தார். கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்து ஊட்டும் தாயின் செயலை ஒத்தது அது.

பெண்ணொருத்தி எழுதுவதும் பத்திரிகை நடத்துவதும் முறையோ என்று ஏளனஞ் செய்தோர் உளர். அம்மையார் அவர்களோடு வாதிட்டுக் காலத்தைக் கழிக்கவில்லை. திங்கள்தோறும் இதழை வெளியிட்டு வந்தார். அதுவே அவர் தந்த விடை.

காந்தியடிகளைக் கண்ட பின்னர், அவர் பட்டாடையையும் அணிகலன்களையும் துறந்து கதர் உடுத்தார். சத்தியமூர்த்தி முதலிய தலைவர்களோடு மேடையேறி முழங்கினார். இனிய குரலில் நாட்டுப்பற்று மிக்க பாடல்களையும் பாடினார். கள்ளுக்கடை மறியலிலும் அயல்நாட்டுத் துணி எதிர்ப்பிலும் முன்னின்று, 1931, 1932 ஆகிய ஆண்டுகளிற் சிறைப்பட்டார். ஆங்கும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. அவர் சிறையிலிருந்த காலத்தில் இதழ் நின்றுவிடாதவாறு கணவர் காத்தார். மனைவியின் புகழைத் தம் புகழாகக் கருதிய அப்பெருந்தகையின் துணை இல்லையேல், அம்மையாரின் பணி இத்துணைச் சிறந்திராது.

அவருடைய 'அநாதைப் பெண்' என்னும் நாவல் 1938-இல் திரைப்படமாயிற்று. 'தயாநிதி' என்னும் நாவலோ அவர் மறைவுக்குப் பின்னர், 1966-இல், 'சித்தி' என்னும் பெயரோடு திரைக்கு வந்தது.

1956-ஆம் ஆண்டில் தம் ஒரே மைந்தரை இழந்த துயர் அம்மையாரை வாட்டியது. உடல் நலிந்து காசநோய்க்கு ஆளாகி, 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், தாம்பரம் மருத்துவமனையில் உயிர்நீத்தார். அவர் பேணி வளர்த்த ஜகன்மோகினியும் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடந்து நின்றது.

எழுதப் பழகாத நாளிலும் தம் நாவையும் தோழியின் கையையும் துணையாகக் கொண்டு நூல் செய்தவர் அம்மையார். எழுதுதற்குக் கையும், கற்பதற்குப் பள்ளியும், படித்தற்கு நூலகமும் வாய்க்கப்பெற்ற மாணவ மாணவியர், அவர் வாழ்வை எண்ணிப் பார்த்தல் நலம். இல்லாதவற்றை எண்ணி ஏங்காமல், இருப்பதைக் கருவியாகக் கொண்டு முயல்வோர்க்கு அடைபட்ட வாயிலும் திறக்கும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.