மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

நம் பெண் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்துக்கு எழுதிப் போடுகிறோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைக்கு மாசம் 1000 ரூபாய் கணக்கில் வருகிறது. அந்தத் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ளது. மூவலூர் ஒன்றும் தூரமில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரை தாண்டி, கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போனால் பக்கத்து ஊர்தான்.

அம்மையார் 1883-ல் திருவாரூரில் பிறந்தவர். வீட்டில் வறுமை. சின்ன வயசிலேயே 10 ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் மூவலூரில் ஒரு தாசி வீட்டில் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். கோயிலில் பொட்டுக்கட்டிய பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. வசதியான ஆண்களின் தயவில்தான் காலம் தள்ளணும். அவள் மகளுக்கும் அதே கதி. அம்மையார் அதற்குத் தலையாட்டவில்லை. பாட்டு சொல்லிக்கொடுத்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார்.

நாம தப்பிச்சா போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். முதலில் காங்கிரசில் இருந்தார்; 1925-க்குப் பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் உழைத்தார். தான் பட்டதையும் பார்த்ததையும் வைத்து 1936-ல் ஒரு நாவலே எழுதினார்.

அதே சமயம் சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். கோயில் வேலைக்காகக் கொடுத்த மானிய நிலம், வேலையை விட்டாலும் அந்தப் பெண்களுக்கே சேரும்படி 1929-ல் சட்டம் வந்தது. 1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடுக்க மசோதா கொண்டுவந்தார்.

எதிர்த்தவர்கள் ஆண்கள் மட்டும் இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிப் பெண்களும் எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர் அவர். படிப்பு, சங்கீதம், சொத்துரிமை எல்லாம் அன்றைக்குக் குடும்பப் பெண்களுக்கே இல்லாதபோது தங்களுக்கு இருந்தது. அதைப் பறித்தால் பிழைப்புக்கு எங்கே போவது என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விவரம் தெரியாத குழந்தைக்குப் பொட்டுக்கட்டும்போது அவளை யார் கேட்டார்கள்? அந்த வீட்டிலேயே வளர்ந்த அம்மையாருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1947-ல் தடைச் சட்டம் வந்தது.

தன் பக்கத்து ஆட்களிடமும் அவர் அப்படித்தான். பெரியாரின் திருமணத்தை ஏற்காமல் 1949-ல் பிரிந்து தி.மு.க.வுக்குப் போனார். 1962-ல் காலமானார்.

1989-ல் அவர் பெயரில் வந்தது திருமண உதவி. 2022-ல் அது படிப்பு உதவியாக மாறியது. சட்டம் ஒரு கதவைத் திறக்கும். வெளியே வரும் பெண்ணுக்குக் கையில் காசும் படிப்பும் வேணும். நம்ம குழுவில் நாம் சேமிப்பதும் அதுக்காகத்தானே.