அறிஞர் வாழ்விலே... வில்லியம் ஹெர்ஷல்

ராணுவ பேண்டில் ஊதிக்கொண்டிருந்தவர் ஒரு புதிய கோளையே கண்டுபிடிச்சார்னா நம்புவீங்களா?

வில்லியம் ஹெர்ஷல் 1738 நவம்பர் 15-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். அப்பாவைப் போலவே ராணுவ இசைக்குழுவில் சேர்ந்தார். 1757-ல் இங்கிலாந்து போய், இசை கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். பிறகு பாத் நகரில் தேவாலய ஆர்கன் கலைஞர் ஆனார்.

பகலில் இசை, இரவில் வானம். தொலைநோக்கிக்கு வேண்டிய உலோகக் கண்ணாடியைத் தானே வார்த்துத் தேய்த்தார். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்தாராம். தங்கை கரோலின்தான் சாப்பாடு ஊட்டினார்!

1781 மார்ச் 13 இரவு ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. உருப்பெருக்கத்தைக் கூட்டினார். நட்சத்திரங்கள் புள்ளியாகவே இருக்க, இது மட்டும் பெரிசாச்சு. நாலு நாள் கழிச்சுப் பார்த்தா, இடம் மாறியிருந்தது! வால்நட்சத்திரம் என்றே முதலில் நினைத்தார். அதுதான் யுரேனஸ் கோள். 1690-லேயே ஃபிளாம்ஸ்டீடு என்ற வானியலாளர் இதைப் பார்த்தும், நட்சத்திரம்னு குறிச்சு வெச்சிட்டார்.

1800-ல் இன்னொரு அதிசயம். சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தார். ஊதாவை விடச் சிவப்பில் சூடு அதிகம். சிவப்பைத் தாண்டி, வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்தார். அங்கே இன்னும் அதிகம்! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்தான் அகச்சிவப்புக் கதிர்.

இந்த இரண்டும் இன்று பூமிக்கே காவல். எப்படின்னா, பல சிறுகோள்கள் கரி மாதிரி கறுப்பு. சூரிய ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. ஆனால் வெயிலில் சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். அதனால் வானத்தின் ஒரே பகுதியைச் சில மணி நேர இடைவெளியில் அகச்சிவப்பில் திரும்பத் திரும்பப் படம் எடுப்பாங்க. நட்சத்திரம் அப்படியே நிற்கும், சிறுகோள் நகரும். நியோவைஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கி 2024 வரை இந்த வேலையைத்தான் செய்தது. பூமி மேல மோத வர்ற கல்லை முன்னாடியே பார்த்தாத்தானே தப்பிக்க முடியும்?

ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25-ல் மறைந்தார். ஊட்டிவிட்ட தங்கை கரோலினும் சும்மா இல்லை, 8 வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்!

மங்கலாத் தெரியுதேன்னு எதையும் விட்டுடாதீங்க நண்பர்களே, நாலு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க!