பெயர் பெற்ற கடற்படை வீரர்

அமெரிக்கக் கடற்படை, அணுசக்தியால் இயங்கும் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டது. 330 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள அக்கப்பலை இயக்க இரண்டு அணு உலைகள் அமைக்கப்படும். இத்தகைய பெருங்கப்பல்களுக்கு அண்மைக் காலத்தில் பெரும்பாலும் அந்நாட்டு அதிபர்களின் பெயர்களே சூட்டப்பட்டு வந்தன. ஆனால், இக்கப்பலுக்குச் சூட்டப்பட்டதோ உணவுக்கூடப் பணியாளர் ஒருவரின் பெயர். அவர்தாம் டோரிஸ் மில்லர்.

மில்லர் 1919ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் பயிரிட்டு, விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்று வாழ்ந்தனர். நான்கு ஆண்பிள்ளைகளுள் மூன்றாமவரான மில்லர், 1939ஆம் ஆண்டு தம் 19ஆம் வயதில் கடற்படையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் கடற்படையில் நிறவேற்றுமை நிலவியது. கறுப்பினத்தவர்க்குப் பெரும்பாலும் சமைத்தல், பரிமாறுதல் போன்ற பணிகளே வழங்கப்பட்டன. 'வெஸ்ட் வெர்ஜீனியா' என்னும் போர்க்கப்பலில் மில்லரும் அத்தகைய பணிகளையே செய்தார். அக்கப்பலின் குத்துச்சண்டை வெற்றியாளராகவும் அவர் விளங்கினார்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் காலை. ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் துறைமுகத்தை 350க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் தாக்கின. சலவைத் துணிகளைச் சேகரித்துக் கொண்டிருந்த மில்லர், உடனே மேல்தளத்துக்கு விரைந்தார். படுகாயமுற்ற கப்பல் தலைவரைப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கிச் செல்ல உதவினார். பிறகு, விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கி ஒன்றை இயக்கத் தொடங்கினார். அதை இயக்க அவருக்கு யாரும் பயிற்சி அளித்ததில்லை. இருப்பினும், குண்டுகள் தீரும்வரை எதிரி விமானங்களை நோக்கிச் சுட்டார். கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தபோதும் காயமடைந்தோரை மீட்டார்.

இவ்வீரச் செயல் செய்தியாக வெளிவந்தபோது, அவர் பெயர் குறிப்பிடப்படவில்லை. கறுப்பின வீரர் ஒருவர் என்று மட்டுமே கூறப்பட்டது. கறுப்பினத்தவர் நடத்திய நாளேடுகளும் வார ஏடுகளும் அவ்வீரர் யாரென்று விடாமல் கேட்டன. மூன்று மாதங்களுக்குப் பின்னரே அவர் பெயர் உலகுக்குத் தெரிந்தது. 1942ஆம் ஆண்டு மே மாதம் அவருக்குக் கடற்படைச் சிலுவை விருது அளிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

விருது கிடைத்த பின்னும் அவருடைய பணி பெரிதாக மாறவில்லை. சமையல் பிரிவிலேயே தொடர்ந்தார். 1943ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், அவர் பணியாற்றிய 'லிஸ்கம் பே' கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. உயிரிழந்த 600க்கும் மேற்பட்டோருள் மில்லரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 24.

1948ஆம் ஆண்டு, படைகளில் நிறவேற்றுமையை நீக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தார். 2020ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், புதிய கப்பலின் பெயர் பேர்ல் துறைமுகத்தில் அறிவிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலுக்குக் கறுப்பினத்தவர் ஒருவரின் பெயர் சூட்டப்படுவது அதுவே முதன்முறை. அதிகாரி அல்லாத சாதாரண வீரர் ஒருவருக்கு அப்பெருமை கிடைத்ததும் அதுவே முதன்முறை. அன்று செய்தியில் விடுபட்ட பெயர், இனி ஒரு மாபெரும் கப்பலின் பெயராக விளங்கும்.