முத்திரை வைத்த ராணி புதுஹேபா

மலருக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நமக்குத் தெரிந்த தலைவிகளை மற்றவர்கள் எழுதுவாங்க என்று, நான் 3,200 வருஷத்துக்கு முந்தி வாழ்ந்த ராணி புதுஹேபாவை எடுத்துக்கிட்டேன். இப்போ துருக்கி இருக்கிற இடத்தில் அப்போ ஹிட்டைட் என்ற பெரிய அரசு இருந்தது. அதன் ராணி இவர்.

ராஜா வீட்டில் பிறந்தவர் இல்லை. லவசந்தியா என்ற ஊரில் கோயில் பூசாரியின் மகள், தானும் பூசை செய்தவர். கி.மு. 1274 வாக்கில் காதேஷ் என்ற இடத்தில் ஹிட்டைட்டுக்கும் எகிப்துக்கும் பெரிய சண்டை. எகிப்து ராஜா இரண்டாம் ராம்சேஸ். சண்டை முடிந்து ஊர் திரும்பும் வழியில், ஹிட்டைட் ராஜாவின் தம்பி ஹத்துசிலி இவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

அண்ணன் இறந்ததும் அண்ணன் மகன் பட்டத்துக்கு வந்தான். சில வருஷத்தில் ஹத்துசிலி அவனை இறக்கிவிட்டு தானே ராஜா ஆனார். எனக்கு அது நியாயமாப் படலை. அந்தப் பையன் எகிப்துக்கு ஓடிப்போனான். வீட்டுக்குள்ளேயே பங்காளிச் சண்டை, வெளியிலும் பகை என்றால் தாங்குமா? கி.மு. 1259-ல் இரண்டு நாடும் சமாதான ஒப்பந்தம் போட்டன. வெள்ளித் தகட்டில் எழுதிய அதில் ஒரு பக்கம் ராஜா முத்திரை, மறுபக்கம் புதுஹேபாவின் முத்திரை. எகிப்து ராணி நெஃபர்தாரி இவருக்குக் கடிதம் எழுதி 12 சரத் தங்க மாலை அனுப்பினார்.

உறவை இன்னும் கெட்டியாக்க, மகளை ராம்சேஸுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. பேசியது அம்மாதான். பெண்ணும் சீரும் வந்து சேரவில்லை என்று ராம்சேஸ் குறை சொல்லிக் கடிதம் போட்டார். சீர் தாமதமானா சம்பந்தி வீட்டுப் பேச்சு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா! புதுஹேபா பயப்படலை. எங்க பண்டகசாலை எரிந்துபோச்சு, மிச்சத்தை அண்ணன் மகன் கொடுத்துத் தீர்த்துட்டான், அவன் உங்ககிட்டதானே இருக்கான், கேட்டுக்கோங்க என்று பதில் எழுதினார். எல்லாம் இருக்கிற நீங்க என்கிட்ட வாங்கிப் பணக்காரர் ஆகப் பார்ப்பது உங்க பேருக்கு அழகில்லை என்றும் சொன்னார். சீராகப் போகிற ஆடு மாடுகளுக்கும் ஆட்களுக்கும் கொடுக்கத் தன் நாட்டில் தானியம் இல்லை என்பதையும் மறைக்கலை.

அதே கடிதத்தில் இன்னொன்றும் கேட்டார். பாபிலோனில் இருந்து எகிப்துக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போன தூதர்களை உள்ளே விடலையாமே என்று. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைச்சது. பெண்ணைத் தூரத்தில் கொடுத்த எந்த அம்மாவுக்கும் அந்தக் கவலைதானே முதலில் வரும்.

கி.மு. 1245 வாக்கில் மகள் எகிப்து போய்ச் சேர்ந்தாள். அங்கே அவளுக்குப் புதுப் பேர் வைத்து ராணி ஆக்கினார்கள். பிறகு இன்னொரு மகளும் அங்கேயே போனாள்.

புதுஹேபா அரண்மனையோடு நிற்கலை. உகாரிட் துறைமுகத்தில் ஒரு கப்பல் உடைந்த வழக்குக்கு அவரே தீர்ப்பு எழுதி அனுப்பினார். கணவர் நோயில் விழுந்தபோது, அவர் பிழைக்கணும்னு தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். அவர் இறந்து மகன் துத்தாலியா ராஜா ஆன பிறகும் ராணிப் பட்டம் இவரிடமே இருந்தது. துருக்கியில் ஃபிரக்தின் பாறையில் ஒரு பக்கம் ராஜா தெய்வத்துக்குத் தீர்த்தம் வார்க்கிறார், மறுபக்கம் அதே மாதிரி புதுஹேபா தேவிக்கு வார்க்கிறார். அந்தச் சிற்பம் இன்னும் இருக்கிறது.