மடம் காட்டிய வழி: மரியா வான் டிராப்

ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் நகரில், சால்சாக் ஆற்றுக்கு அருகே மாநில நாடக அரங்கம் ஒன்று உண்டு. 1893-ல் திறக்கப்பட்ட அந்த அழகிய அரங்கில், 2011-ஆம் ஆண்டு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்னும் இசை நாடகம் மேடையேறியது. 1959-ல் அமெரிக்காவில் பிறந்து உலகையே மகிழ்வித்த நாடகம், கதை நடந்த ஊரின் அரங்குக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று!

பிற்பகல் காட்சியைக் கண்டு வெளியே வருவோர், ஆற்றைக் கடந்து பழைய நகருக்குள் நடந்தால், கோட்டைக் குன்றின் சரிவில் நொன்பர்க் கன்னிமடத்தைக் காணலாம். நாடகத்தின் நாயகி மரியா உண்மையாகவே வாழ்ந்த மடம் அது. மாணவியரே, 1965-ல் வந்த திரைப்படத்தின் மூலம் உங்களில் பலர் அவரை அறிந்திருப்பீர்கள். மேடையில் காணாத மரியாவையும் சற்று அறிந்துகொள்வோமா?

1905 ஜனவரி 26-ஆம் நாள், வியன்னாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ரயில் வண்டியில் பிறந்தார் மரியா. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். தந்தை மகளை வயது முதிர்ந்த உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார். பின்னர் பாதுகாவலராக வந்தவர் கடுமையானவர். சமயத்தை ஏளனம் செய்பவர். அவர் வீட்டில் அடியும் வசையும் பெற்று வளர்ந்த மரியாவும் இறைநம்பிக்கையைக் கேலி செய்யப் பழகினார். ஆயினும் படிப்பை விடவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரி நாள்களில் ஒரு குருத்து ஞாயிறு. கோவில் ஒன்றில் பெருங்கூட்டம். இசைமேதை பாக் இயற்றிய, ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய இசை நடக்கப்போகிறது என்று எண்ணி மரியா உள்ளே நுழைந்தார். நடந்ததோ இயேசு சபைக் குரு ஒருவரின் மறையுரை! கேட்ட சொற்கள் அவர் நெஞ்சைத் தைத்தன. பின்னர் அந்தக் குருவைச் சந்தித்து மனம்விட்டுப் பேசினார், மனம் திரும்பினார். இசையைத் தேடிப் போனவர் இறைவனைக் கண்டார்.

1924-ல் நொன்பர்க் மடத்தில் சேர்ந்தார். மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்குவதும், சீட்டியடிப்பதுமாக இருந்த இளம்பெண்ணைச் சகோதரிகள் பொறுமையுடன் பழக்கினார்கள். ஆனால் மலைக்காற்றில் திரிந்த உடலுக்கு மடத்தின் அடைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1926-ல் கப்பற்படைத் தளபதி கேயோர்க் வான் டிராப் இல்லத்துக்கு மடத்தார் அவரை அனுப்பினர். மனைவியை இழந்த அவருக்கு ஏழு மக்கள். நாடகத்தில் மரியா எழுவருக்கும் ஆசிரியை. உண்மையில், நோயால் பள்ளிக்கு நடந்து செல்ல இயலாத ஒரு மகளுக்குக் கற்பிக்கவே சென்றார். குழந்தைகள் ஏற்கெனவே பாடத் தெரிந்தவர்கள். தந்தையும் மேடையில் காட்டப்படுவதுபோல் கல்நெஞ்சர் அல்லர், மென்மையானவர். சட்டென்று சினம் கொள்பவர் மரியாவே!

தளபதி அவரை மணக்க விரும்பியபோது மரியா மடத்துக்கு ஓடினார். துறவற வாழ்வே அவர் உள்ளம் நாடியது. மடத்துத் தலைவியோ, இத்திருமணமே இறைவனின் சித்தம் என்று எடுத்துரைத்தார். குழந்தைகளை உயிராக நேசித்த மரியாவுக்கு அவர்களுடைய தந்தைமேல் அன்று காதல் இல்லை. 1927 நவம்பர் 26 அன்று நொன்பர்க் ஆலயத்தில் மணம் முடித்தபோது, அவர் மனத்தில் இறைவன்மீது கோபமே இருந்தது. நாளடைவில் அந்தக் கணவரை அவர் முழு இதயத்தோடு நேசித்தார். மேலும் மூன்று குழந்தைகள் பிறந்தன.

1935-ல் ஒரு வங்கி முறிந்து குடும்பத்தின் செல்வம் போயிற்று. பணியாளரை நிறுத்தி, வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டனர். அக்காலத்தில் வீட்டுக்கு வந்த பிரான்ஸ் வாஸ்னர் என்னும் குரு, குடும்பப் பாட்டைச் சீர்ப்படுத்திச் சிறந்த பாடகர் குழுவாக்கினார். நாடகத்தில் அவர் இல்லை. அவருக்குப் பதிலாக மாக்ஸ் என்னும் கற்பனை மனிதர் வருகிறார். பிள்ளைகள் மேடையேறுவதைத் தந்தை முதலில் விரும்பவில்லை. ஆயினும் வறுமை வந்த வழியிலேயே அவர்களுடைய பிழைப்பும் வந்தது.

1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைக்கொண்டது. தளபதிக்கு ஜெர்மானியக் கப்பற்படையில் பதவி, மருத்துவரான மூத்த மகனுக்கு மருத்துவமனையில் வேலை, குடும்பத்துக்கு ஹிட்லரின் பிறந்தநாளில் பாடும் வாய்ப்பு என்று மூன்று அழைப்புகள் வந்தன. மூன்றையும் மறுத்தார்கள். மறுத்தபின் அங்கே வாழ இயலுமா? மலை ஏறி இரவில் தப்பியதாக நாடகம் காட்டும். அவர்களோ பகலில் ரயிலேறி இத்தாலிக்குச் சென்றார்கள். பின்னர் அமெரிக்கா சேர்ந்தார்கள். மரியா அப்போது கருவுற்றிருந்தார். அவர்கள் விட்டுச்சென்ற வீட்டில் பின்பு ஹிட்லரின் கூட்டாளி ஹிம்லர் குடியேறினான்.

ஊர் ஊராகப் பாடி, 1942-ல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோ என்னும் மலையூரில் பண்ணை வாங்கினர். 1947-ல் கணவர் இறந்தார். அந்தத் துயரத்திலும், போரில் நலிந்த தாய்நாட்டுக்கு உணவும் உடையும் திரட்டி அனுப்பியது அக்குடும்பம். 1949-ல் மரியா தம் கதையை நூலாக எழுதினார். அதன் திரைப்பட உரிமையை ஜெர்மானியர்களுக்கு 9,000 டாலருக்கு விற்றுவிட்டதால், பின்னாளில் நாடகமும் படமும் ஈட்டிய பெருஞ்செல்வத்தில் மிகச் சிறு பங்கே கிடைத்தது. பாட்டுக்குழு கலைந்தபின் நியூ கினியில் மறைபரப்புப் பணிக்கும் சென்றார். 1987 மார்ச் 28-ல் மறைந்து, ஸ்டோவில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவியரே, நாடகம் திருமணத்தையும் தப்பித்தலையும் காட்டித் திரையை இறக்கிவிடுகிறது. மரியாவின் கடினமான ஆண்டுகள் அதன்பிறகே வந்தன. தாம் கேட்ட வாழ்வு கிடைக்காதபோது, கிடைத்த வாழ்வை முழு மனத்தோடு ஏற்றார். சமையலறையிலும் வயலிலும் மேடையிலும் அதை வாழ்ந்து காட்டினார். நாம் வேண்டியது ஒன்றிருக்க இறைவன் வேறொன்றைத் தரும் நாளில், இந்த மரியாவையும் நினைவில் கொள்வோம்.